மன்றச் செயலாளர் காரில் ஏறினார்

அருப்புக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு கல்லூரியில் இயற்பியல் மன்றத் தொடக்க விழா நடந்தால் தவறாமல் போய் உட்காருங்கள். டிக்கெட் கிடையாது, சமோசா உண்டு. அழைப்பிதழில் காலை 10.30 மணி என்று போட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் மதுரையிலிருந்து வரவேண்டும். போன் போட்டால் "காரியாபட்டி தாண்டிட்டேன்" என்பார். எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. என்ன வேகத்தில் வருகிறார் என்றுதான் தெரியாது. ஹைசன்பர்க் 1927-ல் சொன்ன நிச்சயமின்மைக் கோட்பாட்டை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பார்கள்.

வந்து சேர்ந்ததும் குத்துவிளக்கு. ஃபேனைப் போட்டால் திரி அணைகிறது, நிறுத்தினால் முதல்வருக்கு வியர்க்கிறது. கரிசல் காட்டின் இந்தச் சிக்கலுக்கு இயற்பியல் துறையால் இன்றுவரை விடை சொல்ல முடியவில்லை. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை. நெசவு ஊர் என்பதால் துணிக்கு மட்டும் பஞ்சமே வராது. விருந்தினர் நானோவைப் பற்றி ஒன்றே கால் மணி நேரம் பேசிவிட்டு, "எனி கொஸ்டின்ஸ்?" என்பார். ஃபேன் சத்தம் நன்றாகக் கேட்கும். முந்தின நாளே எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்வியை ஒரு மாணவி எழுந்து தப்பில்லாமல் ஒப்பிப்பாள். மைக்செட் அண்ணன் வரைக்கும் நன்றி சொல்லி முடிப்பார்கள்.

இவ்வளவிலும் மன்றச் செயலாளர் என்று ஒரு மூன்றாமாண்டுப் பையன் இருப்பான். பேனர் கட்டியவன், நாற்காலி துடைத்தவன், சமோசாவை எண்ணி வாங்கியவன் அவன்தான். விருந்தினரோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான்.

இந்தப் பதவிக்கு எப்பேர்ப்பட்ட பூர்வீகம் உண்டு என்பது அவனுக்கு யாரும் சொல்லாத விஷயம்.

1928-ல் மெட்ராஸ் மாநிலக் கல்லூரிக்கு ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்ட் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. அணுவைப் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகம்தான் அந்தக் காலத்து வேதப் புத்தகம். கூட்டம் கூடியது, பேசினார், கைதட்டினார்கள். எல்லாக் கூட்டமும் அங்கேயே முடிந்துவிடும். முடிந்த பிறகும் ஒரு பையனுக்கு அரிப்பு அடங்கவில்லை. இயற்பியல் ஆனர்ஸ் மாணவன், சுப்ரமணியன் சந்திரசேகர், பதினெட்டை ஒட்டிய வயது. மறுநாள் நேராக விருந்தினர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய் நின்றான். உங்கள் புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டேன், மேலே என்ன செய்யலாம் என்று கேட்டான்.

பாராட்டி ஒரு பேனா பரிசளித்திருக்கலாம். சோமர்ஃபெல்ட் செய்தது அதைவிட நாகரிகமான காரியம். நீ படித்ததெல்லாம் பழசாகிப் போச்சு தம்பி என்ற அர்த்தத்தில் போட்டு உடைத்தார். ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் எல்லோரும் சேர்ந்து அணுவையே மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்றார். எழுதியவரே தன் புத்தகத்தைக் கழித்துக் கட்டுவது நம் பக்கத்தில் பார்க்க முடியாத அதிசயம். இங்கே 'நோட்ஸ்' தலைமுறை தலைமுறையாகப் பட்டா மாறி வரும். அப்படியே விட்டுவிடாமல், இன்னும் அச்சேறாத தன் கட்டுரை ஒன்றின் அச்சுப்படியையும் பையன் கையில் கொடுத்தனுப்பினார். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பது விஷயம்.

பையன் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சில மாதத்தில் தானே ஒரு கட்டுரை எழுதி, முன்பின் பார்த்திராத கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஃபௌலருக்குத் தபாலில் அனுப்பினான். 1929-ல் ராயல் சொசைட்டி இதழில் அது வந்துவிட்டது. ஆசிரியர் பெயர் ஒன்றே ஒன்று. துறைத்தலைவர், இணைத்தலைவர், லேப் அட்டெண்டர் யாருமே அதில் இல்லை.

அதே வருடம் அக்டோபரில் ஹைசன்பர்க்கே வந்தார். நோபல் எல்லாம் பிறகு, 1932-க்கு உரியது. அப்போது அவருக்கு வயது 27. இப்போதைய எங்கள் கெஸ்ட் லெக்சரர்களைவிட இளையவர். அமெரிக்கா, ஜப்பான் என்று சுற்றி, வீடு திரும்பும் வழியில் இந்தியா. விருந்தினரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு மாணவர் சங்கத்துச் செயலாளர் தலையில் விழுந்தது. செயலாளர் யார்? அதே சந்திரசேகர். வேறொருவனாக இருந்தால் மாலையின் கனம், இளநீரின் இனிப்பு என்று அலைந்திருப்பான். இவன் விருந்தினரோடு காரில் ஏறினான். பகலெல்லாம் ஊர் சுற்றிக் காட்டினான், இரவில் மெரினாக் கடற்கரைச் சாலையில் போனார்கள், பேச்சுக்குப் பேச்சு இயற்பியல். ஒரு நாள் அவரோடு பேசியதில் கற்றுக்கொண்டது ஏராளம் என்று அப்பாவுக்குக் கடிதம் போட்டான். மேடைப் பேச்சில் ஹைசன்பர்க் என்ன சொன்னார் என்பதை யாரும் நினைவில் வைத்திருப்பதாகத் தெரியவில்லை. கார் சவாரி மட்டும் வரலாற்றில் ஏறிவிட்டது.

அந்தக் கடிதத்தை வாங்கிய அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சி. சுப்ரமணிய ஐயர், ரயில்வே கணக்குத் தணிக்கையில் பெரிய உத்தியோகம். பையனுக்குக் கணக்கின் மேல்தான் காதல். அப்பாதான் இயற்பியலில் சேர் என்றார். அவருடைய கண் ஐ.சி.எஸ். மேல் இருந்தது. பையன் இயற்பியலில் பெயரைப் பதிந்துவிட்டுக் கணக்கு வகுப்பில் போய் உட்கார்ந்திருப்பான். வீட்டிலேயே ஒரு கெட்ட முன்னுதாரணம் இருந்தது என்பது உண்மைதான். சித்தப்பா சி.வி. ராமன், அதே மாநிலக் கல்லூரியில் படித்து, 1907-ல் நிதித்துறை வேலைக்குக் கல்கத்தா போனவர். டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தார்: அறிவியல் வளர்ச்சிக்கான சங்கம். 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் ஆசையாகத் தொடங்கியது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. தமிழ்நாட்டு மன்றங்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. ராமன் காலையில் ஆபீசுக்கு முன்னும் மாலையில் ஆபீசுக்குப் பின்னும் பல வருடம் அங்கே போய்க் கொண்டிருந்தார். 1917-ல் நல்ல சம்பளத்தை உதறிவிட்டுக் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியரானார். உறவுக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. உங்கள் வீட்டிலும் பேசியிருப்பார்கள்.

வேலைவாய்ப்பு வழிகாட்டல் என்றால் எங்கள் வட்டாரம் யாருக்கும் சளைத்ததில்லை. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமன் மதுரையில் படித்துக்கொண்டிருந்தார். பெயின் என்பவரின் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுது என்று தண்டனை. இரண்டு தடவை எழுதிவிட்டு, மூன்றாவதை எழுதாமல் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார். இப்படி உட்காருகிறவனுக்குப் படிப்பு எதற்கு என்று அண்ணன் சள்ளென்று விழுந்தார். கேரியர் கவுன்சலிங் இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு பலிதமாகவும் வேறெங்கும் நடந்ததில்லை. அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டிய ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டை வைத்துவிட்டு, உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று சீட்டிலும் எழுதிவைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறினார். 1896 செப்டம்பர் 1 அன்று போய்ச் சேர்ந்தார். பிறகு ஊர் அவரை ரமண மகரிஷி என்றது. அந்த ஐந்து ரூபாய்க் கணக்கைத் தணிக்கைத் துறையே மெச்சும்.

சந்திரசேகர் விஷயத்துக்கு வருவோம். ஐ.சி.எஸ். போனது போனதுதான். அரசாங்க உதவித்தொகை கிடைத்து, 1930 ஜூலை 31-ல் கேம்பிரிட்ஜ் போகப் பம்பாயில் கப்பல் ஏறினார். மற்ற பயணிகள் சீட்டாடிக் கொண்டிருக்க, இவர் நட்சத்திரத்தின் எடைக்குக் கணக்குப் போட்டார். ஓர் அளவுக்கு மேல் கனத்தால் எரிந்து அடங்கிய நட்சத்திரமான வெண்குறுமீன் தாங்காது என்று வந்தது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று இன்று பாடப்புத்தகம் சொல்வது அந்த எல்லையைத்தான்.

கேம்பிரிட்ஜில் மாணவர்கள் சங்கம் நடத்திய விதமே வேறு. கபிட்சா என்ற ரஷ்யர் 1922-ல் தன் பெயரிலேயே ஒரு கிளப் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், காபி, ஒரு கரும்பலகை. பேசுகிறவரை நடுவில் வெட்டிக் கேள்வி கேட்கலாம். யாரும் கேட்காவிட்டால் கபிட்சாவே வேண்டுமென்று தப்பாகச் சொல்வாராம், சண்டை வருவதற்காக. 1932 பிப்ரவரியில் சாட்விக் தான் கண்டுபிடித்த நியூட்ரானைப் பற்றிச் சொன்னது அந்த கிளப்பில்தான். அதற்கு முன்னால் கபிட்சா அவருக்கு நன்றாகச் சாப்பாடும் பானமும் வாங்கிக் கொடுத்திருந்தார். பேசி முடித்ததும், எனக்கு மயக்க மருந்து கொடுத்துப் பதினைந்து நாள் படுக்க வையுங்கள் என்ற பொருளில் சாட்விக் ஏதோ சொன்னார். வாரக்கணக்கில் சரியாகத் தூங்காத மனுஷன். நம் மன்றத்தில் தூங்குவது பேச்சாளர் அல்ல என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

எல்லாக் கூட்டமும் அப்படி இனிக்கவில்லை. 1935 ஜனவரி 11, லண்டனில் வானியல் கழகக் கூட்டம். அதற்கு முன் டீ. அன்றைய வானியல் பெரியவர் எடிங்டன் என்ன பேசப் போகிறார் என்று பக்கத்தில் ஒருவர் விசாரித்தபோது, எடிங்டன் சந்திரசேகரைப் பார்த்துச் சிரித்தபடி, உனக்கு அது ஆச்சரியமாக இருக்கும் என்றார். இருந்தது. சந்திரசேகர் தன் கணக்கைச் சொல்லி உட்கார்ந்ததும் எடிங்டன் எழுந்து, நட்சத்திரம் இப்படிக் கேனத்தனமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு சட்டம் இருக்கவேண்டும் என்று கிண்டலடித்தார். சபையே சிரித்தது. தனிமையில் கேட்டால் இயற்பியலாளர் பௌலி போன்றவர்கள் நீ சொல்வதுதான் சரி என்பார்கள், சபையில் எழுந்து சொல்ல ஆளில்லை. சந்திரசேகருக்கு நோபல் 1983-ல் வந்தது. எடிங்டன் 1944-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டால் மன்றத்தின் உண்மையான பயனைச் சொல்லாமல் விட்டதாகும். மாநிலக் கல்லூரி இயற்பியல் ஆனர்ஸில் இவருக்கு ஒரு வருடம் பின்னால் படித்த லலிதா துரைசாமியைத்தான் சந்திரசேகர் 1936-ல் கல்யாணம் செய்துகொண்டார். ரெக்கார்டு நோட்டு இரவல் கேட்கும் பையன்களை இனிமேல் ஒரேயடியாக விரட்ட வேண்டாம்.

துறைத்தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் ஐம்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம் தாராளமாகப் பேசலாம். இந்த வருடம் விருந்தினரை அழைத்துவரும் காரின் பின்சீட்டில் நீங்கள் உட்காராமல் மன்றச் செயலாளரை உட்கார வையுங்கள். முந்தின வாரமே அந்த விருந்தினர் எழுதியதில் பத்துப் பக்கமாவது படித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.