கும்பகோணக் குடிபெயர்வு: ஒரு போக்குவரத்தியல், பஞ்சாங்கவியல் ஆய்வு

முன்னுரை

"எல்லாத்தையும் ஏறக்கட்டிட்டுக் கும்பகோணம் பக்கம் போயிடலாம்" என்ற வாக்கியம் ஒலிக்காத சென்னைக் குடும்பம் அரிது. தண்ணீர் லாரி வராத காலை, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிய மாலை, கத்திப்பாராவில் வண்டி நகராமல் நின்ற இரவு ஆகிய முப்பொழுதிலும் இது மிகுதியாகப் பயின்று வருகிறது. சொன்னவர் மறுநாள் வழக்கம்போல் அலுவலகம் போய்விடுகிறார். இது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வு எல்லை

டெல்டா முழுவதையும் ஆராய ஓர் ஆயுள் போதாது. எனவே வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு என்று இயற்கையே எல்லை கட்டிக் கொடுத்த கும்பகோணம் தேர்ந்தெடுக்கப்பட்டது. சுற்றிலும் நெல்வயல் இருப்பதும், ஊர் 2021-இல் மாநகராட்சி ஆனதும் ஐயத்துக்கு இடமற்றவை. ஊர் அமைதியானதா என்பதே ஆய்வுப் பொருள்.

தரவுகள்

முதன்மைத் தரவு: போவதாகச் சொல்லிப் போகாத சித்தப்பாக்கள். துணைமைத் தரவு: போய்விட்டுத் திரும்பி வந்த ஒரு மாமா. அவர் வாய் திறக்க மறுத்துவிட்டதால் அத்தை பேசினார்.

இயல் 1: ஆசையும் தூரமும்

குடிபெயரும் ஆசை, கும்பகோணத்திலிருந்து ஒருவர் இருக்கும் தூரத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி, எழும்பூர் நிலையத்தில் அது நிறைந்து தளும்புகிறது. பிறகு ஊருக்கு ஊர் வடிந்து, அக்னி நட்சத்திரத்துப் பகல் ஒரு மணிக்குக் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் கால் வைத்ததும் சுழியைத் தொடுகிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. செங்கல்பட்டைத் தாண்டிய நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை மாட்டிய கடையில், பித்தளை டபரா கைக்கு வந்ததும் ஆசை திடீரென்று ஏறுகிறது. "அங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை போகும்?" என்ற கேள்வி பிறப்பது இங்கேதான். டெல்டாவில் நிலத்தை மா என்றும் வேலி என்றும் அளப்பார்கள் என்பதைக் கேட்டவரும் அறியார், காபி ஆற்றுபவரும் அறியார்.

விதியின் மறுதலையும் மெய்யே. பட்டம் முடித்த கும்பகோணத்துப் பிள்ளைக்குச் சென்னை ஆசை சொந்தத் தெருவில் உச்சத்தில் இருக்கிறது. நால்வர் தங்கும் மேன்ஷன் அறையில் கொடியில் இடம் பிடிக்கும்போது அது தணிகிறது. இரவு ரயிலான உழவன் எக்ஸ்பிரஸ் இரு தரப்பாரையும் இரு திசையிலும் ஏற்றிச் செல்கிறது. பெயரிலுள்ள உழவர் எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்பதை ஆய்வாளரால் கண்டறிய இயலவில்லை.

இயல் 2: அமைதியின் தோற்றமும் காரணமும்

ஊரில் சத்தமே இராது என்பது சித்தப்பாக்கள் கூற்று. அது பொருந்தாது. மார்கழி விடியலில் ஒலிபெருக்கி. முகூர்த்த நாளில் மண்டபத்துக் கெட்டிமேளம். தனியார் பேருந்தின் ஏர் ஹாரன். சனி, ஞாயிறில் நவக்கிரக வேன்கள். ஆலங்குடியில் குருவையும் திருநாகேஸ்வரத்தில் ராகுவையும் ஒரே நாளில் முடித்தாக வேண்டிய வேன் மெதுவாகப் போவதில்லை. அவற்றில் பல சென்னையிலிருந்து வருபவை. ஆக, தப்பித்துப் போனவரைச் சென்னை வாரம் தவறாமல் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறது.

இருப்பினும் செவ்வாய்க்கிழமை பிற்பகலில், சன்னதித் தெருக்களில் மெய்யான அமைதி நிலவுவது கண்டறியப்பட்டது. காரணமும் துருவப்பட்டது. திண்ணை வைத்த வீடு. உள்ளே எழுபதைக் கடந்த இருவர். பிள்ளை வேளச்சேரியில், பெண் நியூஜெர்சியில். அந்தத் தெருவில் சத்தம் போட வேண்டியவர்கள் எல்லாரும் வேறு ஊரில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கே வருபவர் தேடும் அமைதி, இங்கிருந்து போனவர்கள் விட்டுச் சென்றது. அவர் பிள்ளைகுட்டியோடு வந்து இறங்கினால் அந்த அளவுக்கு அது குறையும். பலர் வந்தால் வாடகை ஏறும். பிறகு எல்லாரும் சேர்ந்து வேறோர் அமைதியான ஊர் தேடலாம்.

வயற்பக்கத்து அமைதி வேறு வகை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவு, வரப்பெல்லாம் பேச்சு. திறக்காத ஆண்டில் ஊரே அமைதி. அந்த அமைதியை எந்த உழவரும் வேண்டிக்கொண்டதில்லை. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதென்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சொல்லிவிட்ட பிறகு, நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைத்து வானத்தைப் பார்த்து நிற்பவரும் அமைதியாகத்தான் இருக்கிறார். காரை நிறுத்திப் படம் எடுப்பவர் அதையும் சேர்த்தே, "என்ன நிம்மதியான வாழ்க்கை" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்.

இயல் 3: காலம்

போவது என்றே முடிவானால், எப்போது? ஆடி, புரட்டாசி, மார்கழியில் வீடு மாறக் கூடாது. ஆனிக்கும் பங்குனிக்கும் பாட்டி ஒப்புவதில்லை. சித்திரையில் வெயில். வைகாசியில் பள்ளிச் சேர்க்கை. ஆவணியில் அடுக்கடுக்காகக் கல்யாணம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தையில் அறுவடை, சாமான் இறக்க ஆள் கிடையாது. எஞ்சுவது மாசி. மாசியிலோ பிள்ளைக்குப் பொதுத்தேர்வு நெருங்கிவிடும். பிள்ளை தேறி முடிவதற்குள் 2028 மாசி வந்துவிடும். 2016-க்குப் பின் வரும் மகாமகம் அது. அப்போது ஊருக்குள் நிற்க இடம் கிடைத்தாலே பெரிது, வாடகைக்கு வீடு எங்கே பார்ப்பது?

ஆய்வு முடிவுகள்

ஒன்று: போகலாமா என்ற கேள்விக்கு விடை தேவைப்படுவதில்லை. போவதற்கு ஓர் ஊர் இருக்கிறது என்ற எண்ணமே கத்திப்பாராவைக் கடக்கப் போதுமானது. போய்விட்டால் அந்த வசதியும் போய்விடும். கும்பகோணத்தில் இருப்பவர் எந்த ஊருக்குப் போவதாகச் சொல்வார்?

இரண்டு: மெய்யாகவே போகிறவர்கள் இவற்றுள் எதையும் ஆராய்வதில்லை. "அப்பா வழுக்கி விழுந்துட்டார்" என்று ஒரு தொலைபேசி வருகிறது; அந்த வாரமே வேலையை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆடி மாதமாக இருந்தாலும் போகிறார்கள். நேர்காணலுக்கு நேரம் கேட்டபோது இவர்களுக்கு நேரமில்லை.

மேலாய்வுக் களங்கள்

'கோயம்புத்தூர்ப் பக்கம் போயிடலாம்' என்னும் இணை வாக்கியத்தோடு ஒப்பாய்வு நிகழ்த்த இடமுண்டு. கும்பகோணத்தில் வசிக்கும் ஆய்வாளரின் மாமியார், "போறவங்க மூட்டை கட்டுவாங்க மாப்பிள்ளை, போகாதவங்கதான் கட்டுரை எழுதுவாங்க" என்று முன்வைத்துள்ள கருதுகோளும் தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைப்பின், அது சென்னையில் இருந்தபடியே மேற்கொள்ளப்படும்.