விருப்பம் உறையும் இடம்: ஓர் ஒப்பாய்வு

எழுத்தின் அளவு 14, பின்னணி கறுப்பு. பயனர் ஒருவர் செயலியிடம் ஒருமுறை சொல்லிவைக்கும் விருப்பம் இவ்வளவே. கணினியை அணைத்து மறுநாள் திறந்தாலும் செயலி அதை மறப்பதில்லை. எனில், இரவு முழுதும் அவ்விருப்பம் எங்கே தங்கியது? இதுவே ஆய்வுச் சிக்கல். ஆய்வெல்லை: விண்டோஸ், மேக், லினக்ஸ் என்னும் மூன்று நிலங்கள்.

விண்டோஸ்: ஆதியில் விருப்பங்கள் 'ஐஎன்ஐ' என்னும் உரைக்கோப்புகளில் தனிக்குடித்தனம் நடத்தின. 1992-இல் விண்டோஸ் 3.1-உடன் வந்த 'ரெஜிஸ்ட்ரி', விண்டோஸ் 95 காலத்தில் பெருங்கூட்டுக் குடும்பமாயிற்று. அங்கே ஒருவர் பானையைத் தேடப்போய் இன்னொருவர் பானையை உடைத்தால் வீடே படுத்துவிடும். ஆகவே, கைவைக்குமுன் நகலெடுத்துக்கொள்க என்பர் பட்டறிந்தோர். 'ஆப்டேட்டா' கோப்புறையிலும் அறைகள் உண்டு. 'ரோமிங்' அறையில் இருப்பது அலுவலக வலைப்பின்னலில் பயனரோடு வேறு கணினிக்கும் போகவல்லது. 'லோக்கல்' அறையில் இருப்பது வாசற்படி தாண்டாது.

மேக்: இங்கே 'லைப்ரரி'க்குள் 'பிரிஃபரன்சஸ்', அதனுள் செயலிக்கொரு 'பிலிஸ்ட்' கோப்பு. அதன் பெயர், இணைய முகவரியைத் திருப்பிப் போட்டது: முதலில் 'காம்', அடுத்து நிறுவனம், கடைசியில் செயலி. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடும் நம் வழக்கோடு இது ஒப்புநோக்கத்தக்கது. 2011-இல் வந்த லயன் பதிப்பு முதல், பயனரின் லைப்ரரி அவர் கண்ணுக்கே படாமல் மறைக்கப்பட்டது.

லினக்ஸ்: இங்கே விருப்பங்கள் தங்குவது பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளில். பெயர் புள்ளியில் தொடங்கினால் கோப்பு பட்டியலில் தெரியாது. இது வகுத்த இலக்கணமன்று, வழு. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் அறிஞர் ராப் பைக் கூற்றுப்படி, கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளை மறைக்க வேண்டியவை ஒற்றைப்புள்ளி, இரட்டைப்புள்ளி என்னும் இரு பதிவுகளையே. நிரலெழுதியவர் சோம்பி, முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார். புள்ளி வைத்தவை எல்லாம் மறைந்தன. தமிழில் புள்ளி உயிரை நீக்கும். யூனிக்ஸில் கோப்பையே மறைக்கும். வீடெங்கும் இறைந்த இப்புள்ளிக் கோப்புகளை ஒரே பெட்டியில் போடுமாறு 2003-இல் 'எக்ஸ்டிஜி' என்னும் குழு விதி வகுத்தது. பெட்டியின் பெயர் '.கான்ஃபிக்'. அதற்கும் முன்னே புள்ளி.

துணிபு: மூன்று நிலத்துக்கும் பொதுவான கூறு ஒன்றுண்டு. மேக்கில் செயலியைக் குப்பைத்தொட்டிக்கு இழுத்துப் போட்டாலும் பிலிஸ்ட் கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். லினக்ஸில் தொகுப்பை நீக்கினாலும் பயனரின் வீட்டுக் கோப்புறையில் எதுவும் குறையாது. ரெஜிஸ்ட்ரியிலும் எச்சம் மிஞ்சுவதுண்டு. ஆகவே, செயலி அழியினும் எழுத்தளவு 14 அழியாது என்க.