ஆவி பறக்கும் பதில்கள்

கே: ஊட்டியில் பருப்பு வேக அடம் பிடிக்கிறதே, குற்றம் பருப்பிலா, அடுப்பிலா?

ப: காற்றில்! ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் ஆவிதான் பறக்கும், சூடு ஏறாது. குக்கரில் வையுங்கள், அழுத்தம் கூடி 100 டிகிரியையும் தாண்டிப் போகும்.

கே: மூடிவைத்த பாட்டிலில் தண்ணீர் குறைவதே இல்லை. உள்ளே ஆவியாவது நின்றுவிட்டதா?

ப: பேருந்தில் இறங்குகிறவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் ஏறிக்கொண்டே இருந்தால் கூட்டம் குறையுமா? பாட்டிலுக்குள்ளும் அப்படித்தான்: ஆவியாகிற அளவு தண்ணீர், ஆவியிலிருந்து திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. இதற்குத்தான் இயங்குச் சமநிலை என்று பெயர்.

கே: கொதிநீரும் 100 டிகிரி, ஆவியும் 100 டிகிரி. ஆவி மட்டும் ஏன் அதிகம் சுடுகிறது?

ப: அது மடியில் கனத்தோடு வருகிறது! உள்ளுறை வெப்பம் என்கிற கனம். ஒரு கிராம் ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போதே ஏறத்தாழ 540 கலோரியைக் கொட்டிவிடும். பிறகு அந்தத் தண்ணீர் உடல்சூட்டுக்கு ஆறும்போது தருவது 63 கலோரிதான். இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் மறுபக்கத்தை முதலில் தூக்குங்கள், ஆவி அந்தப் பக்கமாகப் போகட்டும். பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, பேனா மை எதுவும் பூசாதீர்கள்.