கடலோரக் கல்லூரிக் கலைவிழாக்களில் குத்துவிளக்கும் கொண்டல் காற்றும்: ஓர் ஆய்வு

கல்லூரிக் கலைவிழாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆட்டம், பாட்டு, மைம், கோலப்போட்டி என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அழைப்பிதழில் ‘குத்துவிளக்கு ஏற்றுதல்’ என்று அரை வரியில் அடங்கும் நிகழ்ச்சி மேடையில் ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை முறையாக ஆராய்ந்த நூல் எதுவும் இக்கட்டுரையாளரின் அலமாரியில் இல்லை. அலமாரி சிறியது என்பது வேறு விஷயம்.

ஆய்வுக்களம் செங்கல்பட்டு மாவட்டம். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து இதைப் பிரித்தபோது அரசு என்ன நினைத்ததோ தெரியாது. குத்துவிளக்கு ஆராய்ச்சிக்கு இதைவிட வாகான மாவட்டம் அமையாது. வடக்கே தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1937இல் ஜார்ஜ் டவுனை விட்டு மரக்காட்டுக்குள் குடிபோன கல்லூரி. அதன் கலைவிழாவுக்கே ‘டீப்வுட்ஸ்’ என்றுதான் பெயர். நடுவே ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கல்லூரிகள். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மின் ‘மிலன்’ இந்த வரிசையில் சேரும். கிழக்கே, ஈ.சி.ஆர். ஓரம், கடலைப் பார்த்தபடி திறந்தவெளி மேடை போடும் கல்லூரிகள். மரக்காட்டுக் கல்லூரியை எட்டுவதற்குள், கிழக்கே கடலிலிருந்து வரும் கொண்டல் களைத்துவிடும். மாமல்லபுரம் பக்கம் அது மேடைக்கு நேராகவே வந்து ஏறும்.

இனி இயற்பியல். நல்லெண்ணெய் தானாக எரிவதில்லை. திரிவழியே ஏறி, சூடேறி, ஆவியான பிறகே பற்றும். அதற்கு 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மெழுகுவர்த்தியைத் திரியருகே ஒருவர் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சிறப்பு விருந்தினரோ கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் திரிநுனியில் கற்பூரம் வைக்கிறார்கள். அது சுமார் 65 டிகிரியிலேயே பற்றும் ஆவியை விடுகிறது. ஆனால் கற்பூரம் திறந்த காற்றில் தானே கரைந்து மறைகிற பொருள். பத்து மணி விழாவுக்கு ஒன்பது மணிக்கே வைத்த கற்பூரம், விருந்தினர் வந்து சேரும்போது பாதிதான் மிஞ்சியிருக்கும்.

விருந்தினர் எப்போது வருகிறார்? இங்கேதான் வானிலையியல் குறுக்கிடுகிறது. காலையில் இந்தக் கரையில் காற்று பெரும்பாலும் சாது. வெயில் ஏறி, கடலைவிடத் தரை விரைவாகச் சூடாகி, தரைமேல் காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று கிளம்புவதற்கு ஏறக்குறைய நண்பகல் ஆகிவிடும். சென்னையிலிருந்து கிளம்பிய சின்னத்திரை நடிகரும் ஏறக்குறைய நண்பகலுக்குத்தான் வந்து சேருகிறார். இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு உண்டென்று சொல்ல ஆதாரம் போதாது. இரண்டும் ஒன்றாக மேடையேறுகின்றன என்பது மட்டும் உறுதி.

அப்புறம் நடப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. “ஃபேனை நிறுத்துப்பா” என்று ஒரு குரல் எழும். ஃபேன் நிற்கும், கடல் நிற்காது. பேராசிரியர் ஒருவர் தம் கோட்டை விரித்து மறைப்பார். அவர் விரித்த பக்கம் எப்போதும் மேற்காகவே இருக்கும். “மேடம், நீங்களும் கை வைங்க” என்பார் புகைப்படக்காரர். மெழுகு உருகி விருந்தினர் விரலில் சொட்டும். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் அரசினர் சிற்பக் கல்லூரியில், மெழுகில் உருவம் செய்து, மண்ணால் மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்க்கக் கற்றுத்தருகிறார்கள். அங்கே மெழுகு உருகினால் நடராசர் கிடைக்கிறார். இங்கே கிடைப்பது ‘ஸ்ஸ்’ என்ற ஒலி மட்டும். மைக் அதையும் விடாமல் வாங்கிக்கொள்ளும். தொகுப்பாளினி, ஒளி இருளை விரட்டும் தத்துவத்தை மூன்றாம் முறையாக விளக்கிக்கொண்டிருப்பார்.

கண்ணாடிக் கூண்டு போடலாமே என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். இதற்கு உள்ளூரிலேயே முன்னுதாரணம் உண்டு. மாமல்லபுரத்துக் குன்றின்மேல், மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே நிற்கிற பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயில் உச்சியில், கப்பல்களுக்காக ஆங்கிலேயர் விளக்கு வைத்தார்கள். பிறகு பக்கத்திலேயே கல்லில் தனிக் கலங்கரை விளக்கம் கட்டினார்கள். இந்தக் கரையில் காற்றை வென்ற விளக்கு அதுதான். ஆனால் அதை ஏற்ற ஒரே ஓர் ஊழியர் போதும். தாளாளர், முதல்வர், புல முதன்மையர், நன்கொடை தந்த வங்கி மேலாளர், போன வருடத்துச் சிறப்பு விருந்தினர் எல்லாரும் ஒரு கூண்டுக்குள் கை விட முடியாது.

குத்துவிளக்குக்கு முகம் ஐந்து. மேடையில் பெரியவர்கள் ஒன்பது பேருக்குக் குறையமாட்டார்கள். காற்றில்லாத உள்ளரங்கில் ஆறாவது ஆள் என்ன செய்கிறார்? ஏற்கெனவே எரிகிற திரியில் மெழுகுவர்த்தியை நீட்டி, ஏற்றுவதாகப் பாவனை செய்கிறார். அடுத்த மூவரும் அப்படியே. குளிர்சாதன அரங்குகளில் நம் விளக்கேற்றங்கள் கிட்டத்தட்டப் பாதி நாடகமே. கடலோரத்தில் அந்தப் பொய்க்கு வேலையில்லை. தாளாளர் ஏற்றியதைக் கொண்டல் அணைக்கிறது. வங்கி மேலாளருக்கு உண்மையாகவே ஒரு திரி கிடைக்கிறது. அவருடையதும் அணைய, மாணவர் பேரவைத் தலைவருக்கும் முறை வருகிறது. ஐந்து திரியை ஒன்பது பேருக்கு வஞ்சனையில்லாமல் பங்கிட எந்த விழாக் குழுவாலும் முடிந்ததில்லை. காற்றை விழாவின் எதிரி என்று எழுதுகிறவர்கள் இருக்கை வரிசைப் பட்டியல் தயாரித்து அனுபவப்படாதவர்கள்.

பேட்டரி விளக்கு ஒன்றும் இப்போது வந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஐந்து முகமும் ஒரே நொடியில் எரியும். ஒன்பது பேரில் எட்டுப் பேர் சும்மா நிற்க வேண்டிவரும் என்பதால் அது இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை.

முடிவாக ஒரு தரவு. எல்லா மேடையிலும் விளக்குக்குப் பின்னால், புகைப்படச் சட்டத்துக்கு வெளியே, அட்டை மாட்டிய தன்னார்வலர் ஒருவர் குந்தியிருப்பார். இரண்டாம் ஆண்டு மாணவராக இருக்க வாய்ப்பு அதிகம். பெரியவர்கள் இருக்கைக்குத் திரும்பியதும், அணைந்து கிடக்கிற திரிகளை உள்ளங்கையால் பொத்தி ஒவ்வொன்றாக ஏற்றுபவர் அவர்தான். குழு நடனத்துக்கு இடம் வேண்டி விளக்கைத் தூக்கி ஓரம் வைப்பவரும் அவரே. வாயால் ஊதக்கூடாது என்பதால் அணைக்கும் வேலையைக் காற்றிடம் விட்டுவிடுகிறார். மாலையில் அலுவலக இருப்புப் பதிவேட்டில் ‘ஐந்துமுகக் குத்துவிளக்கு 1, பித்தளைத் தட்டு 1’ என்று திரும்பப் பதிவாகும். தீப்பெட்டி மட்டும் அவர் கைக்காசில் வாங்கியது. ரசீது இல்லாததால் விழாச் செலவில் அது ஏறவில்லை.