கவுன்சிலர் வீட்டுக்காரர்

மேயரை அடையாளம் காண்பது சுலபம்: அங்கியும் சங்கிலியும் போதும். கவுன்சிலரை அடையாளம் காண்பதில்தான் சிக்கல். சென்னையில் மட்டும் 200 பேர். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தியாயிற்று; 2022 மாநகராட்சித் தேர்தலும் அப்படியே நடந்தது. தெருமுனை பேனரில் கவுன்சிலர் அம்மையார் கைகூப்பி நிற்கிறார். குழாயில் சாக்கடை கலந்து வருகிறதென்று போன் போட்டால், சில வார்டுகளில், "சொல்லுங்க, கவுன்சிலர் வீட்டுக்காரர்தான் பேசறேன்" என்று கனத்த குரல். மேயரையாவது கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இவரை யார் தேர்ந்தெடுத்தது? கல்யாணத் தரகராக இருக்கலாம். ஆய்வுக்கும் இவரே வருகிறார், வெள்ளை வேட்டியோடு. இன்ஜினியர் குடை பிடிக்கிறார். அடுத்த தடவை போன் போடும்போது தயங்காமல் கேளுங்கள்: "கவுன்சிலர்கிட்ட குடுங்க சார்."