ஒன்றா, ஆறா, ஒன்பதா? கோட்டுச்சேரிமேட்டுச் சுருக்கவியல் குறித்து ஒரு முன்னாய்வு

காரைக்கால் மாவட்டத்தில் கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, கடல் மணலை ஒட்டிக் கிடக்கும் மீனவர் ஊர் கோட்டுச்சேரிமேடு. இவ்வூர்க் கம்ப்யூட்டர்களில் பேக்கப் எடுக்கும்போது சுருக்க நிலையை ஒன்றில் வைப்பதா, ஆறில் வைப்பதா, ஒன்பதில் வைப்பதா என்ற சிக்கலை நெய்தல் திணை ஆய்வாளர் எவரும் தொட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் தாழம்பூவோடு நின்றுவிட்டார்கள். அக்குறையை இக்கட்டுரை நீக்க முயல்கிறது.

உரை எழுத ஒரு நூற்பா வேண்டும் என்பது மரபு. கிடைக்காததால் நாமே இயற்றிக்கொண்டோம்:

ஒன்று விரையும்; ஒன்பது குறுகும்;
இடைநின்ற ஆறே இயல்பெனப் படுமே.

இதன் பொருள்: ஜீன்-லூப் காய்லியும் மார்க் ஆட்லரும் 1992-ல் வெளியிட்ட ஜிஜிப் என்னும் சுருக்கு மென்பொருளில் ஒன்று முதல் ஒன்பது வரை நிலைகள் உண்டு. ஒன்றில் வேலை சட்டென முடியும், கோப்பு கொஞ்சம் பெருத்திருக்கும். ஒன்பதில் கோப்பு இளைக்கும், நேரம் போகும். எதுவும் சொல்லாவிட்டால் அது ஆறை எடுத்துக்கொள்ளும். எந்த நிலையில் கட்டினாலும் அவிழ்க்க ஆகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதை நூற்பாவில் அடக்க முடியவில்லை, சீர் இடிக்கிறது.

ஒன்பது என்ற எண்ணைக் கண்டதும் நவக்கிரகக் கொள்கையினர் எழுந்துவிடுவர். திருநள்ளாறு இதே மாவட்டத்தில் இருப்பதால் இவர்களை ஒதுக்கிவிட்டு ஆய்வு நடத்த முடியாது. ஞாயிறு தொடங்கி எண்ணினால் ஏழாமிடம் சனி. எனவே ஏழாம் நிலை ஆகாது, போட்டால் ஏழரை ஆண்டு ஓடும் என்பர். ஆறாமிடம் சுக்கிரன், சுகத்துக்கு அதிபதி. ஆகவேதான் ஆறு இயல்பு நிலையாயிற்று. எட்டும் ஒன்பதும் ராகு, கேது; இரண்டும் பின்னோக்கி நகர்பவை. இந்த இடத்தில் மட்டும் அவர்கள் அறியாமலே அறிவியலைத் தொட்டுவிடுகிறார்கள். ஏனெனில் ஆபிரகாம் லெம்பெலும் ஜேக்கப் ஜிவ்வும் 1977-ல் வகுத்த முறையே பின்னோக்கிப் பார்ப்பதுதான். வந்த தொடர் மறுபடி வந்தால் அதை எழுதாமல், 'இத்தனை தூரம் பின்னே போ, இவ்வளவை எடுத்துக்கொள்' என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதிவிடும். ஜிஜிப் பின்னோக்கிப் போகும் தூரம் 32,768 பைட். நிலை ஒன்பதிலும் அந்தத் தூரம் கூடாது. அதே இடத்தில் இன்னும் குனிந்து தேடும், அவ்வளவே. ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையிலான லாபம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டுவதில்லை.

(ரஷ்யாவின் இகோர் பாவ்லோவ் 1999-ல் வெளியிட்ட செவன்-ஜிப்பின் பட்டியலில் நெடுங்காலம், சுருக்காத பூஜ்யம் போக, 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்படை நிலைகளே இருந்தன. மொய் எழுதும் வழக்கம் அவ்வளவு தொலைவு பரவியிருந்ததா என்பது தனி ஆய்வுக்குரியது.)

தமிழுக்குச் சுருக்கத்தால் தனிப்பட்ட பயன் உண்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 'மீன்' என்ற சொல்லில் மகரம், ஈகாரக் குறி, னகரம், புள்ளி என நான்கு குறியீடுகள்; ஆக 12 பைட். ஆங்கில மீன் நான்கே பைட்டில் நீந்திப் போய்விடும். ஆனால் நம் மூன்று பைட்டில் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதில்தான் செய்தியே இருக்கிறது. இப்படி ஒரே தாளத்தில் வரும் கோப்பைக் கண்டால் எந்தச் சுருக்கிக்கும் கொண்டாட்டம். நிலை ஒன்றிலேயே பாதிக்கு மேல் குறைத்துவிடும். கல்யாணப் பத்திரிகை வாசகங்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருக்கும் டிடிபி கடைக்காரரைப் போல் பாக்கியசாலி இத்துறையில் இல்லை. 'நிகழும் மங்களகரமான' என்பது முதல் பத்திரிகையில்தான் முழுதாக எழுதப்படும். அடுத்தடுத்த பத்திரிகைகளில் அது வெறும் குறிப்பு.

ஊரின் கம்ப்யூட்டர்களில் இருப்பதோ வேறு. கல்யாண வீடியோ, காதுகுத்து போட்டோ, வாட்ஸ்அப் குரல் பதிவு, எக்செலில் மீன் ஏலக் கணக்கு. போட்டோ ஜேபெக், ஏற்கெனவே சுருங்கியது. வீடியோ எம்பி4, அதுவும் அப்படியே. எக்செல் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப்பேதான், பெயரின் கடைசியை .ஜிப் என்று மாற்றித் திறந்தால் குடலெல்லாம் தெரியும்.

கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கேட்ட உரையாடல் இத்துறையின் மூல ஆவணமாகக் கொள்ளத்தக்கது.

"தம்பி, ஒம்போதுல போட்டா பொண்ணு மூஞ்சி நசுங்கிடாதா?"

"இல்லண்ணே, அப்படியேதான் திரும்ப வரும்."

"அப்படியே வருதுன்னா, அப்ப என்னத்தடா சுருக்குற?"

1948-ல் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன் பக்கம் பக்கமாக எழுதித் தேடிய கேள்வியை அந்த அண்ணன் நின்றபடியே கேட்டுவிட்டார். விடை, திரும்பத் திரும்ப வருவதை மட்டும் என்பதே. திரும்ப வருவது எதுவும் இல்லாத கோப்பில் சுருக்க ஒன்றுமில்லை. எல்லாக் கோப்பையும் சிறிதாக்கும் முறை இருக்கவே முடியாது. சிலது சிறிதானால் வேறு சிலது கட்டாயம் பெருக்கும்.

இதற்குக் கருவாட்டு வாதத்தினர் மறுப்பு உண்டு: மீன் காய்ந்தால் சுருங்கவில்லையா, போட்டோ மட்டும் ஏன் சுருங்காது? பொருந்தாது என்க. கருவாட்டை ஊறவைத்தால் மறுபடி சங்கரா மீன் ஆகாது. போன நீர் போனதுதான். ஜிப்பிலிருந்து எடுத்தால் ஒரு பிட் குறையாமல் பழைய கோப்பு வரும். கருவாட்டுக்கு நிகரானது ஜேபெக்தான். போன் கேமராவே, கண்ணுக்குத் தெரியாது என்று அது கருதியதை உதறிவிட்டுப் படத்தை உலர்த்தித் தருகிறது. அதை நிலை ஒன்பதில் ஜிப் செய்வது, காய்ந்த கருவாட்டை மறுபடி மணலில் பரப்பிவிட்டுக் காக்கை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. இவ்வகைக் கோப்புக்கு நிலை பூஜ்யம், அதாவது சுருக்காமல் கட்டுவது, போதும் என்பது நம் துணிபு.

இத்தனைக்கும் பிறகு ஒன்பதே வேண்டும் என்பார், யான் கொலே ஆக்க, 2016-ல் ஃபேஸ்புக் வெளியிட்ட இசட்-ஸ்டாண்டர்டுக்குப் போகலாம். அதன் இயல்பு நிலை 3, உச்சம் 22. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும். நிலை 22-க்கு ஏற்ற பருவம் அதுவே. இதே மாவட்டத்துப் போலகத்தில் 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் இருக்கிறதே என்ற தைரியத்தில் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

காப்பு முறை இம்மண்ணுக்குப் புதிதன்று. காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1776 ஜூனில் பதினாறாம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தான்: குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு படியைக் கப்பலேற்றி வெர்சாய்க்கு அனுப்ப வேண்டும். கரையான், புயல், ஈரம் எல்லாம் அவனுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்தியப் பிரெஞ்சுப் பகுதிகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இன்றும் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன. சுருக்க நிலை பூஜ்யம். அவ்வளவும் கைப்பட முழுசாக எழுதியது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தபோது பெட்டியோடு போன ஒற்றைக் கல்யாண ஆல்பத்துக்கு வெர்சாய் எதுவும் இல்லை. ஆகவே இரண்டாவது ஹார்ட் டிஸ்க் நெடுங்காட்டிலோ அதற்கும் மேற்கிலோ உள்ள சம்பந்தி வீட்டில் இருப்பது நலம். நிலை ஆறா ஒன்பதா என்று அந்தச் சம்பந்தி கேட்கப்போவதில்லை.

மேலாய்வுக்கு ஒன்று எஞ்சுகிறது. ஜிப்புக்குக் கடவுச்சொல்லாகப் படகின் பதிவெண்ணை வைக்கலாமா? மறக்காது என்பது ஒரு சாரார் கூற்று. அந்த எண் படகின் இரு பக்கமும் பெயின்டால், முழ உயரத்தில், எழுதப்பட்டிருக்கிறது என்பது மற்றவர் கூற்று.