கணக்கில் வராது

போன சனிக்கிழமையிலிருந்து எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. ராணுவத்தின் உடற்தகுதிச் சோதனையான ஐபிபிடிக்குப் போய் வந்தேன், அதுதான். இப்போதெல்லாம் புஷ்-அப்பை இயந்திரம் எண்ணுகிறது. நான் இறங்குகிறேன், ஏறுகிறேன், பல்லைக் கடிக்கிறேன், குலதெய்வத்தைக் கூப்பிடுகிறேன். எண் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. மனிதன் எண்ணிய காலத்தில் முகத்தைக் கொஞ்சம் பரிதாபமாக வைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு சேர்ந்து விழும். இதற்கு முகதாட்சண்யமே கிடையாது. பக்கத்தில் நின்ற சார்ஜென்ட் நம்ம பையன்தான். மீசை போன மாதம்தான் வந்திருக்கும். குனிந்து என் காதருகில், "அண்ணே, இன்னும் கொஞ்சம் இறங்கணும் அண்ணே. இது கணக்குல வராது" என்றான்.

இன்னும் எங்கே இறங்குவது? வயிறு எப்போதோ தரையைத் தொட்டுவிட்டது. மற்ற பாகங்கள்தான் வந்து சேரவில்லை.

மொத்தம் எத்தனை புள்ளி, தேர்ச்சிக்கு வேண்டிய 51க்கு எவ்வளவு குறைந்தது என்பதெல்லாம் எனக்கும் ராணுவத்துக்கும் இடையே உள்ள அந்தரங்கம். வீட்டில்கூட நான் சொல்லவில்லை. வாசலில் காலணியைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்துகொண்டார்கள்.

மற்றவனுக்கெல்லாம் பிறந்தநாள் என்றால் சட்டை எடுத்துக் கொடுப்பார்கள். தேசிய சேவை முடித்த நமக்கு அன்றைக்கு ஐபிபிடி தவணை தொடங்கும். அடுத்த பிறந்தநாளுக்குள் தேறிக் காட்டு, இல்லாவிட்டால் என்எஸ் ஃபிட் என்ற உடற்பயிற்சித் திட்டத்தில் பத்து வகுப்புக்கு வா. முழுசாக ஒரு வருஷம் கொடுக்கிறார்கள். அந்தத் தாராளம்தான் நம்மைக் கெடுக்கிறது. ஒரு மாதம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடத் தொடங்கியிருப்போம். வருஷம் என்றதும் சீனப் புத்தாண்டு போகட்டும், நோன்புப் பெருநாள் போகட்டும், ஜூன் பள்ளி விடுமுறை போகட்டும், தீபாவளி நேரத்தில் டயட் இருந்தால் பலகாரம் சுட்டவர்கள் மனசு என்ன பாடுபடும் என்று நாள் நகர்ந்து, பதினோராவது மாதம் வந்து நிற்கும். அந்த மாதம் முதல் தேதி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடை பார்க்கும் கருவியை இறக்குவோம். அது பொய் சொல்லும். தரை சமமில்லை என்று இடத்தை மாற்றுவோம். கைக்கடிகாரத்தைக் கழற்றுவோம். பேட்டரி பழசு என்போம். பச்சைச் சீருடையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். மடித்து வைத்த இடத்திலேயே சுருங்குகிற துணியை எங்கேதான் பிடிக்கிறார்களோ.

புலம்புவதற்காக நான் உட்காரவில்லை. ராணுவ அளவுக்கு உடம்பைக் குறைக்க உறுதியான வழி ஒன்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்தப் பையன் சொன்னதை விட மனசில்லை. கணக்கில் வராதாம். எது வரும், எது வராது என்று எனக்குப் பாடம் எடுக்கிறான். எங்கள் வீட்டில் இதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சட்டமே இருக்கிறது.

டயட் என்றால் சோற்றைக் குறைப்பது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆகவே சோறு அல்லாத எதுவும் கணக்கில் வராது. இட்லி பலகாரம், பலகாரம் சாப்பாடு ஆகாது. பிராட்டா அதைவிடப் பத்திரம், அதில் அரிசியே இல்லை. உப்புப் பார்க்கச் சொல்லி உள்ளங்கையில் ஊற்றிய மீன் குழம்பு, சமையல் வேலையில் செய்த உதவி. பிள்ளை மிச்சம் வைத்த அரை முட்டையையும் கோழிக்காலையும் எடுத்துத் தின்பது வீணாக்காத நற்பண்பு. நற்பண்புக்குக் கலோரி கிடையாது. நின்றுகொண்டு தின்றது வயிற்றில் தங்காமல் நேரே காலுக்குப் போய்விடும். இரவு பதினொரு மணிக்குமேல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதன் வெளிச்சத்திலேயே தின்றதை யாரும் பார்க்கவில்லை. சாட்சி இல்லாததை எந்தக் கணக்கில் எழுதுவது?

கோயில் சர்க்கரைப் பொங்கலை வேண்டாமென்று சொல்ல நாம் யார்? அதை வாங்க வரிசையில் நின்ற நேரம் உடற்பயிற்சியில் சேர்த்தி. தைப்பூச விரதம் இன்னும் விசேஷம். மாமிசத்தைக் கண்ணாலும் பார்க்காமல் எடை ஏறிக் காட்டுகிற சாமர்த்தியம் நம்மைத் தவிர யாருக்கு உண்டு? காலையில் பால் பழம், மதியம் கூட்டு பொரியல் அப்பளம் பாயசம், மாலையில் சுண்டல், இரவுக்கு லேசாகப் பலகாரம். முருகன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அவர் எண்ணுவதில்லை.

கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு மொய் எழுதியாகிவிட்டது, வரவு செலவு நேர். அலுவலகக் கூட்டத்து பஃபே நிறுவனத்தின் செலவு, ஆகவே நிறுவனத்தின் கொழுப்பு. தே தாரிக் நீர் ஆகாரம். நிறைய நீர் குடிக்கச் சொல்லி எல்லா மருத்துவர்களும்தான் சொல்கிறார்கள். டப்பா பானங்களுக்கு 2022 கடைசியிலிருந்து சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை எழுத்து கொடுக்கிறார்கள். டி வாங்கியதை நான் பரிவோடு கையில் எடுத்துக்கொள்கிறேன். படிக்கிற காலத்தில் என்னையும் அப்படி யாராவது எடுத்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஜொகூர் பாரு. பாலத்தைத் தாண்டினால் நாடே வேறு. அங்கே தின்றதைச் சிங்கப்பூர் ராணுவம் எந்த அதிகாரத்தில் எண்ணும்? எண்ணினாலும் நாணய மாற்று விகிதப்படிதான் எண்ண வேண்டும். ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அங்கே மூன்று வாழையிலைச் சாப்பாடு இங்கே ஒன்றுகூட ஆகாது. திரும்பி வரும்போது சோதனைச்சாவடி நெரிசலில் காருக்குள் உட்கார்ந்து வியர்த்ததைக் கழித்தால், ராணுவம்தான் நமக்குப் பாக்கி.

இன்னும் இருக்கிறது. பிறர் வாங்கிக் கொடுத்தது. பிறர் தட்டிலிருந்து எடுத்தது. உடைந்த முறுக்கு (உடையும்போதே எண்ணெய் வெளியே போய்விடும்). மழைக்குத் தின்றது. துக்க வீட்டில் வற்புறுத்தினார்களே என்று தின்றது. பிறகு, "நாளையிலிருந்து கட்டாயம்" என்று முடிவெடுத்த இரவில் தின்றது. அளவில் பெரியது இந்தக் கடைசி வகைதான். தூக்குக் கைதிக்கே கேட்டதைச் சமைத்துக் கொடுக்கிறார்கள். என்ன, கைதிக்கு அது ஒரு ராத்திரியோடு முடிந்துவிடும். நமக்கு வாரத்தில் பாதி நாள் நாளையிலிருந்துதான்.

இவ்வளவையும் சட்டப்படி கழித்துவிட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்கு நான் தின்பது அரைக் கிண்ணம் சோறு. அம்மா அதைப் பார்த்துக் கண் கலங்குகிறார். "காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடலியேப்பா. முகமே வத்திப்போச்சு. அரசாங்கத்துக்கு என்ன தெரியும், அதுவா பெத்துச்சு?" கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று யாரோ சொல்ல, கொள்ளு ரசம் வைத்தார். வெறும் ரசம் சூடு என்று அதில் ஒரு கரண்டி நெய். மறுநாள் கொள்ளு வடை.

வழியைச் சொல்கிறேன் என்றேன், மறக்கவில்லை. இடையில் இந்த பிஎம்ஐ என்ற வம்பை முடித்துவிடுகிறேன். தேசிய சேவைக்கு ஆள் எடுக்கும்போதே இதைப் பார்த்துவிடுகிறார்கள். மற்றவன் ஒன்பது வாரத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்து தெக்கோங் தீவிலிருந்து படகேறிவிடுவான். சதைப்பிடிப்பானவனுக்குப் பயிற்சி நீண்டுகொண்டே போகும். இந்தச் சூத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் போட்டவர் பெல்ஜியத்து அடால்ஃப் கெட்லே. மருத்துவர் அல்ல. வானியலும் புள்ளியியலும் பார்த்தவர், சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று தேடியவர். நான் சராசரி மனிதன் என்று யாரிடம் போய்ச் சொன்னேன்? அதற்கு இப்போதுள்ள பெயரை 1972இல் வைத்தவர் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ். இதே கீஸ்தான் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கான கே-ரேஷன் பொட்டலத்துக்கு வழி செய்தவர். பிஸ்கட், இறைச்சி டப்பா, மிட்டாய், கூடவே சிகரெட். முதலில் சிப்பாய்க்கு ஊட்டிவிடுவது, முப்பது வருஷம் கழித்து எடைக்கு ஒரு பெயர் வைத்து அவனை மிரட்டுவது. எங்கள் பெரியம்மாவும் இதையேதான் செய்கிறார், ஆனால் முப்பது வருஷம் எடுத்துக்கொள்வதில்லை. "இன்னொரு ஆப்பம் வச்சுக்கடா" என்பார், கை கழுவிவிட்டு வருவதற்குள் "என்னடா இப்படிப் பெருத்துட்ட?"

கீஸ் இன்னொன்றும் செய்தார். 1945இல், துப்பாக்கி தூக்க மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொன்ன இளைஞர்களில் 36 பேர் தாங்களாக முன்வர, அவர்களை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வைத்து ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். நாளொன்றுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவு. வாரத்துக்கு 22 மைல் நடை. எடையில் கால்வாசி கரைந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் சமையல் புத்தகங்களைத் தேடிச் சேர்த்துப் படித்தார்கள் சிலர். இதைப் படித்துவிட்டு என் கைப்பேசியில் இருக்கும் டயட் செயலியைத் திறந்தேன். எனக்கு 1,500 என்று போட்டிருக்கிறது. அரைப்பட்டினி என்று விஞ்ஞானி பதிந்து வைத்ததற்கும் கீழே! பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் முகம் வேறு. ராத்திரி போர்வைக்குள் நான் செட்டிநாட்டு நண்டு மசாலா வீடியோ ஏன் பார்க்கிறேன் என்று மனைவி கேட்டாளே, அவளுக்கு இதை அனுப்பி வைத்தேன். துப்பாக்கி வேண்டாம் என்றவனுக்குத்தான் பட்டினி என்றால், இரண்டு வருஷம் துப்பாக்கியைச் சுமந்தவனுக்கும் அதேவா?

"நண்டு சாப்பிட்டாச்சா?" என்று பதில் வந்தது.

சரி, ஓட்டம். நூறு புள்ளியில் பாதி ஓட்டத்துக்கு. 2.4 கிலோமீட்டர். முதல் சுற்றில் நான் நன்றாகத்தான் ஓடுகிறேன், முதல் சுற்றை யாரும் தனியாக மதிப்பதில்லை. சிட்-அப்பில் முழங்கை முழங்காலைத் தொட வேண்டும் என்கிறார்கள். இரண்டும் பார்த்துக்கொள்ள முடியாதபடி நடுவில் ஒரு மதில் இருப்பதைக் கவனிப்பதில்லை. 2015க்கு முன்னால் ஐந்து அங்கங்கள் இருந்தன, கம்பியில் தொங்கி எழும்புவதும் உண்டு. அதை எடுத்துவிட்டார்கள். தொங்குவது எனக்கு நன்றாக வரும். எழும்புவதுதான் வராது.

என் அலுவலகத்தில் ஒருவன் இருக்கிறான். மதியம் நாசி லெமாக், நாலு மணிக்கு வாழைப்பழப் பஜ்ஜி, இடைவேளைக்கு இடைவேளை மாடிப்படிக்கடியில் சிகரெட். விறகுக்குச்சி உடம்பு. வருஷா வருஷம் தங்கத் தேர்ச்சி, ஐந்நூறு வெள்ளி. என்னடா பயிற்சி எடுக்கிறாய் என்று கேட்டால், "பயிற்சியா? சும்மா போய் ஓடிட்டு வந்தேன் ப்ரோ" என்கிறான். அந்த ஐந்நூறு போகட்டும். தேறுவதற்கு மேல் பத்துப் புள்ளி வாங்கினால் 200 வெள்ளி, வெள்ளித் தேர்ச்சிக்கு 300, அதுவும் போகட்டும். அந்தச் "சும்மா"வை நான் மன்னிக்கவே போவதில்லை. ஒருவன் கஷ்டப்பட்டு ஓடி ஜெயித்தால் கைதட்டலாம். சும்மா ஓடி ஜெயிக்கிறவனுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது, மூச்சு வாங்கி முகம் சிவந்து உயிரைக் கொடுத்தவனுக்கு இன்னும் பத்து வகுப்பு. அந்த வகுப்பில் பயிற்சியாளர் இசையைப் போட்டுவிட்டு "ஜாலியா பண்ணுங்க!" என்று கத்துவார். நான் ஜாலிக்கு வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், வந்தேன். என் வயதுக்குக் கொஞ்சம் எரிச்சலோடு குதிக்க எனக்கு உரிமை உண்டு.

ஒரே ஆறுதல் அட்டவணைதான். மூன்று வயதுக்கு ஒரு படி அது இளகிக்கொடுக்கிறது. எடை குறைவதைவிட வயது கூடுவது எனக்குச் சிரமமில்லாமல் வருகிறது. ஆனால் அடுத்த படிக்கு இன்னும் காலம் இருக்கிறது, இந்தத் தவணையோ முடியப் போகிறது. ஆகவே நான் சொன்ன அந்த உறுதியான வழியை இந்தத் தடவை கடைப்பிடித்தே தீர்வது என்று நேற்று ராத்திரி சாப்பிட்ட கையோடு முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு இடம் இல்லை. சனிக்கிழமை இல்லை, வார நாள் சாயங்காலம் இல்லை, தீவின் அந்தக் கோடியில் இருக்கிற முகாமில்கூட இல்லை. என் மாதத்தில் பிறந்த அத்தனை பேரும் கடைசி வாரத்தில் வந்து மொய்த்திருக்கிறார்கள். பொறுப்பு என்று ஒன்று வேண்டாமா மனிதனுக்கு? பதினோரு மாதமாக இவர்களெல்லாம் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்?